பி2பி ஆப்பில் 12% வட்டி: காரைக்குடியில் கணக்கு போட்டால் கையில் எவ்வளவு நிற்கும்?



எஃப்.டி. பற்றி எந்த வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வந்துடும். "பேங்க் 7% தான் தருது. பி2பி ஆப்ல 12% தர்றாங்களே, அங்க போட்டா என்ன?" 2024 வரைக்கும் இந்தக் கேள்வி ஆசையோட வந்தது. அதுக்கப்புறம் கவலையோட வர ஆரம்பிச்சது: "போட்ட பணம் துண்டு துண்டா வருது, முழுசா எப்ப வரும்?" ரெண்டு பேருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. இதில் கொஞ்சம் கணக்கு இருக்கு, நிறுத்தி நிதானமாப் படிக்கணும். அதனால்தான் வீடியோவா போடாம எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பி2பி-யில் பணம் போடுற நிமிஷம் நீங்க வட்டிக்கு விடுறவர் ஆகிடறீங்க. அந்த வேலையைத் தெரிஞ்சு செய்யறவங்க செய்யட்டும். எஃப்.டி.க்குப் பக்கத்து வீடுன்னு நினைச்சுப் போறவங்க போக வேண்டாம். காரைக்குடியில் உட்கார்ந்து இதைச் சொல்றதில் ஒரு பொருத்தம் இருக்கு. வட்டிக்கு விடுறதைக் கடல் தாண்டிப் போய்ச் செஞ்சு, அதில் மாளிகை கட்டி, அதிலேயே பெரும்பகுதியைத் தொலைச்ச ஊர் இது.

ஆப் என்ன சொல்லிச்சு, உள்ளே என்ன நடந்தது

பி2பி-ங்கறது எளிமையான விஷயம்தான். கடன் கேட்கிறவர் ஒரு பக்கம், கொடுக்கிறவர் ஒரு பக்கம், நடுவில் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி புரோக்கர் மாதிரி. தன் பணத்தைக் கடனா கொடுக்கக் கூடாது, உங்க பணத்துக்கு உத்தரவாதமும் தரக் கூடாது. 2017 அக்டோபர் 4 அன்று ஆர்.பி.ஐ. போட்ட விதிகளிலேயே இது இருக்கு. ஒருத்தருக்கு நீங்க அதிகபட்சம் 50,000 ரூபாய்தான் கொடுக்கலாம். கடன் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. எல்லா பி2பி கம்பெனிகளையும் சேர்த்து நீங்க கொடுக்கிற மொத்தத் தொகைக்கு ஆரம்பத்தில் 10 லட்சம் உச்சவரம்பு. 2019 டிசம்பரில் அதை 50 லட்சமா உயர்த்தினாங்க. 10 லட்சத்தைத் தாண்டணும்னா, உங்க நிகர சொத்து குறைஞ்சது 50 லட்சம்னு ஒரு சி.ஏ. சான்றிதழ் தரணும். (அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுறவங்க எங்க ஆளுங்கதான். நஷ்டத்தைத் தாங்குற அளவுக்குச் சொத்து இருக்கான்னு கேட்கிற காகிதம் அது. எஃப்.டி. போட யாராவது இப்படி ஒரு காகிதம் கேட்டிருக்காங்களா?)

இதுவரைக்கும் சரி. 2021 ஆகஸ்ட்டில் விளையாட்டு மாறுச்சு. கிரெட் ஆப் 'மின்ட்' என்ற பெயரில் 9% வரைக்கும், பாரத்பே '12% கிளப்' என்று பெயரிலேயே வட்டியை வெச்சும் அறிமுகப்படுத்தினாங்க. பின்னால் இருந்து நடத்தினது லிக்விலோன்ஸ், லென்டென்கிளப் மாதிரி ஆர்.பி.ஐ. பதிவு பெற்ற பி2பி கம்பெனிகள். ஆனா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது அழகான ஒரு ஆப், ஒரு சதவீதம், "எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்ற ஒரு பட்டன். கடன் வாங்கினவர் யாருன்னு நீங்க பார்க்கவே தேவை இல்லை.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க பணம் ஒருத்தருக்கு 12 மாதக் கடனா போயிருக்கு. நீங்க மூணாவது மாதம் பட்டனை அழுத்தறீங்க. அடுத்த நாள் பணம் வந்துடுது. கடன் வாங்கினவர் இன்னும் ஒன்பது மாதத் தவணை பாக்கி வெச்சிருக்கார். அப்போ உங்களுக்கு வந்தது யார் பணம்? புதுசா உள்ளே வந்த இன்னொருத்தர் பணம். உங்க இடத்தில் அவரை உட்கார வெச்சு உங்களை எழுப்பி விட்டாங்க. புது ஆள் வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் இந்த நாற்காலி விளையாட்டு நல்லா ஓடும்.

2024 ஆகஸ்ட் 16 அன்று ஆர்.பி.ஐ. இதை நிறுத்திச்சு. பி2பி-யை முதலீட்டுத் திட்டம்னு விளம்பரம் பண்ணக் கூடாது. இத்தனை மாதத்துக்கு இத்தனை சதவீதம் நிச்சயம்னு சொல்லக் கூடாது. எப்ப வேணா எடுக்கலாம்னு சொல்லக் கூடாது. ஒருத்தர் பணத்தை வெச்சு இன்னொருத்தரை வெளியே அனுப்பக் கூடாது. எஸ்க்ரோ கணக்குக்கு வந்த பணம் அடுத்த நாளுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. எந்தக் கடனும், கொடுக்கிறவர் அந்த ஆளைப் பார்த்து ஒப்புதல் கொடுக்காம போகக் கூடாது. முதலோ வட்டியோ போச்சுன்னா முழு நஷ்டமும் கடன் கொடுத்தவருடையதுன்னு வெளிப்படையா சொல்லணும்.

இதில் பாதிக்கு மேல் 2017 விதியிலேயே இருந்ததுதான். ஆர்.பி.ஐ. செஞ்சது, மேலே சுத்தியிருந்த பளபளப்புக் காகிதத்தைப் பிரிச்சதுதான். பிரிச்சதும் பல ஆப்களில் அந்தப் பகுதியே காணாமப் போச்சு. இதுதான் எனக்கு முக்கியமான தகவலாத் தெரியுது. விதியை விதியா நடத்தினா ஓடாத ஒரு பொருளைத்தான் மூணு வருஷம் நமக்கு வித்திருக்காங்க.

முதலாளி இங்கே, கடை பர்மாவில்

பி2பி புதுசுன்னு சொல்றவங்களுக்கு எங்க ஊர்ல சிரிப்பு வரும். பணம் கொடுக்கிறவர் ஒரு நாட்டில், வாங்குறவர் இன்னொரு நாட்டில், நடுவில் ஒரு ஏற்பாடு. நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து பர்மாவில் செஞ்சது இதுதான். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் முதலாளி இருப்பார். ரங்கூனிலும் டெல்டா நெல் ஊர்களிலும் வட்டிக்கடை இருக்கும். 1930 வாக்கில் பர்மா வங்கி விசாரணைக் கமிட்டி மதிப்பிட்ட அவங்க மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி.

அந்தக் கடைக்குள் யார் இருந்தாங்கன்னு பாருங்க. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். பெட்டியடியா போன பையன் கணக்கு எழுதக் கத்துக்கிட்டு, கடன் கேட்டு வர்றவன் முகத்தைப் படிக்கக் கத்துக்கிட்டு, வருஷக் கணக்கில் வேலை பார்த்துதான் மேலாள் ஆவார். மூணு வருஷம் மாதிரி ஒரு கெடு, அதுவரைக்கும் அங்கேயே இருப்பு. சம்பளத்தோட லாபத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு. கடன் வசூலாகலைன்னா அவருக்கும் வலிக்கும். ஊருக்குத் திரும்பினா மறுபடி யாரும் கடை நடத்தக் கூப்பிட மாட்டாங்க. கடனுக்கு நிலமோ நகையோ ஈடு. வட்டி எவ்வளவுன்னு ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. தங்களுக்குள்ள கொடுத்து வாங்குற நடப்பு வட்டியை ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி முடிவு பண்ணுவாங்க.

இப்போ இதை உங்க ஆப்போட ஒப்பிடுங்க. ஈடு கிடையாது, பெரும்பாலும் கையெழுத்துக் கடன்தான். மேலாள் இடத்தில் ஒரு கிரெடிட் ஸ்கோரும் ஒரு அல்காரிதமும். கம்பெனிக்கு அதில் பங்கு? கட்டணம் மட்டும். 2024 விதிப்படி அந்தக் கட்டணம் ஒரு நிலையான தொகையாவோ கடன் தொகையில் ஒரு நிலையான விகிதமாவோதான் இருக்கணும். கடன் திரும்பி வந்ததா இல்லையாங்கறதைப் பொறுத்து மாறக் கூடாது.

இந்த ஒரு விஷயத்தில் ஆர்.பி.ஐ.யோட எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவங்க காரணம் புரியுது. கடனாளிகிட்ட பெரிய வட்டி வாங்கி, உங்களுக்கு 10, 12 கொடுத்துட்டு, நடுவில் இருக்கிறதைக் கம்பெனி எடுத்துக்கிற பழக்கத்தை உடைக்கணும்னு நினைச்சாங்க. ஆனா விளைவு என்ன? உங்க கடன் வந்தாலும் வராட்டாலும் கம்பெனிக்கு வர வேண்டியது வந்துடும். லாபத்தில் பங்கு இல்லாத மேலாளை நம்பி எந்தச் செட்டியாரும் கப்பல்ல பெட்டி ஏத்தியிருக்க மாட்டார். நல்ல கடனாளியைத் தேடிக் கொண்டு வரணும்னு கம்பெனிக்கு ஒரு அக்கறை இருக்கிற மாதிரி கட்டணத்தை அமைக்க வேறு வழி யோசிச்சிருக்கலாம்.

ஆயிரம் பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தா பயம் இல்லையா?

ஆப்காரங்க சொல்ற பெரிய சமாதானம் இதுதான். "உங்க ஒரு லட்சத்தை 100 பேருக்கு ஆயிரம் ஆயிரமா பிரிச்சுடறோம். எல்லாருமா ஏமாத்தப் போறாங்க?"

பர்மாவிலும் ஒரே ஆளுக்குக் கொடுக்கலை. ஆயிரக்கணக்கான விவசாயிங்க, நூத்துக்கணக்கான ஊர்கள். ஈடும் இருந்தது. ஆனா எல்லாக் கடனுக்கும் அடியில் இருந்தது ஒரே ஒரு பொருள், நெல். 1930 வாக்கில் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் எல்லாரும் ஒண்ணா தவணை நிறுத்தினாங்க. யாரும் ஏமாத்தலை, கட்ட வழியில்லை. கடனுக்குப் பதிலா நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6% நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது சுமார் 25% ஆச்சு. வெளியே இருந்து பார்த்தா சொத்து பெருகின மாதிரி இருக்கும். உண்மையில் ரொக்கமா இருந்த பணம், விக்க முடியாத வயலா மாறிடுச்சு. உள்ளூர்க்காரங்க கோபமும் கூடவே வந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. பேரேட்டில் எழுதின எழுத்து மட்டும் மிச்சம்.

உங்க 100 பேர் யார்? பெரும்பாலும் உங்களை மாதிரியே ஒருத்தர்தான். 25லிருந்து 35 வயசு, தனியார் வேலை அல்லது சின்னத் தொழில், அவசரத்துக்கு ஒரு சின்னத் தொகை. பேங்க் கொடுத்திருந்தா குறைஞ்ச வட்டியில் வாங்கியிருப்பார். அங்கே கிடைக்கலை அல்லது நேரம் ஆகும்னுதான் இங்கே வந்திருக்கார். பெயர் நூறு, பயிர் ஒண்ணு. அந்தப் பயிர் மாதச் சம்பளம். ஐ.டி.யில் ஆள் குறைப்பு வர்ற ஒரு வருஷத்தில் இந்த 100 பேரில் பலர் ஒரே நேரத்தில் தவணையை நிறுத்துவாங்க. அதே மாதம் உங்க வேலைக்கும் ஆபத்து வந்திருக்கலாம், உங்களுக்கும் அந்தப் பணம் அன்னைக்குத்தான் தேவைப்படும். எமர்ஜென்சி ஃபண்டை பி2பி-யில் வைக்காதீங்கன்னு நான் கத்துறதுக்குக் காரணம் இதுதான். பேங்க் எஃப்.டி.க்கு, பேங்கே விழுந்தாலும் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கு. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

இப்போ கணக்கு

வரிதான் யாரும் பேசாத இடம். சி.ஏ.வா எனக்கு இங்கேதான் அதிகமா எரிச்சல்.

ஒரு லட்சம் ரூபாய், 100 பேருக்கு ஆயிரம் வீதம், ஒரு வருஷம், 15% வட்டின்னு வெச்சுப்போம். கம்பெனி கட்டணம் ஆயிரம் ரூபாய். நீங்க 20% வரி வரம்பில் இருக்கீங்க, செஸ்ஸோட 20.8%. நூறில் 5 பேர் ஒரு பைசா கூடக் கட்டலை.

மீதி 95 பேர்கிட்ட வந்த வட்டி 14,250. போன முதல் 5,000. கட்டணம் 1,000. ஆக வரிக்கு முன்னாடி உங்க உண்மையான லாபம் 8,250. சரி, வரி எதுக்கு? 8,250க்கு இல்லை. வட்டி 'இதர வருமானம்'. சம்பளக்காரர் ஒருத்தர் கொடுத்த கடனில் முதல் போனா, அந்த நஷ்டத்தை வட்டியில் கழிக்க வழி இல்லை. கட்டணத்தை மட்டும் செலவா கழிக்க விட்டாங்கன்னே வெச்சுப்போம். 13,250க்கு வரி 2,756. கையில் நிற்கிறது 5,494.

அதே ஒரு லட்சம் பேங்க்ல 7% எஃப்.டி. வட்டி 7,000, வரி 1,456, கையில் 5,544.

எஃப்.டி. 50 ரூபாய் முன்னாடி நிக்குது. நீங்க 20% வரம்பில் இருந்தாலும் உங்க உண்மையான லாபத்தில் மூணில் ஒரு பங்கு வரியா போயிருக்கு, அதையும் கவனிங்க. 6 பேர் கட்டலைன்னா பி2பி-யில் நிற்கிறது 4,375 தான். 3 பேர் மட்டும் ஏமாத்தினா 7,732, அப்போ எஃப்.டி.யை விட ரெண்டாயிரத்துச் சொச்சம் கூட. அதாவது ஈடு இல்லாத கடனை, பேங்க் ஒதுக்கின ஆளுக்கு, 36 மாதம் வரை பூட்டிக் கொடுத்துட்டு, எல்லாம் நல்லா நடந்தா ஒரு லட்சத்துக்குக் கூடுதலா கிடைக்கிறது மாதம் 180 ரூபாய். நான் அதுக்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்க மாட்டேன்.

"நான் இதை வட்டித் தொழில்னே காட்டி, வராக்கடனைக் கழிச்சுக்கிறேன்"னு சில பேர் புத்திசாலித்தனமா வருவாங்க. தொழில்னு காட்டினா தொழிலுக்கான கணக்குப் புத்தகம், கேள்விகள் எல்லாம் கூடவே வரும். ஆப்ல எண்பதாயிரம் போட்டவர் அந்த வழியில் போக வேண்டாம். அதே மாதிரி, நஷ்டத்தைக் கழிச்சு நிகரமா ஒரு தொகையை ரிட்டர்ன்ல எழுதறதும் தப்பு. டி.டி.எஸ். பிடிக்கலைங்கறதால வருமானமே காட்டாம விடுறதும் தப்பு.

உலகத்தில் மத்தவங்க என்ன ஆனாங்க

நம்ம ஊர்லதான் இப்படின்னு நினைக்க வேண்டாம். 2005இல் இங்கிலாந்தில் ஆரம்பிச்ச ஸோபாதான் இந்தத் தொழிலோட முன்னோடி. அது பேங்க் லைசென்ஸ் வாங்கி, 2021 கடைசியில் பி2பி-யை மூடிடுச்சு. ஃபண்டிங் சர்க்கிள் 2022இல் தனிநபர் முதலீட்டாளர்களுக்கான கதவைச் சாத்திச்சு. அமெரிக்காவில் லெண்டிங் கிளப் 2020 கடைசியோட சின்ன முதலீட்டாளர்களுக்கான நோட்டுகளை நிறுத்திட்டு, ஒரு பேங்கை வாங்கி பேங்க் ஆயிடுச்சு. சீனாவில் ஆயிரக்கணக்கில் கம்பெனிகள் முளைச்சது. ஈஸுபாவ் என்ற ஒரே கம்பெனி மோசடியில் மட்டும் ஒன்பது லட்சம் பேர் சிக்கினாங்க. 2020 நவம்பரில் அங்கே இயங்குற பி2பி கம்பெனி எண்ணிக்கை பூஜ்யம்னு அரசாங்கமே அறிவிச்சது.

சீனா கதை வேற, மோசடி. மத்த மூணும் நல்ல பெயரோட இருந்த கம்பெனிகள். அவங்களே நம்ம மாதிரி சின்ன ஆளுங்க பணம் வேண்டாம், பேங்க் டெபாசிட்டும் பெரிய நிறுவனப் பணமும் போதும்னு ஒதுங்கினாங்க. காரைக்குடிக்கும் இது புதுசில்லை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினப்போ சென்னை, காரைக்குடி, ரங்கூன்னு மூணு ஊர்லயும் ஒரே நாளில் கதவு திறந்தாங்க. வட்டிக்கடைக் குடும்பங்களிலிருந்து வந்தவர், அடுத்து வேண்டியது பேங்க்னு முடிவு பண்ணினார்.

சரி, இப்போ நீங்க என்ன செய்யலாம்?

எல்லாம் கேட்டுட்டும் "ஒரு இருபதாயிரம் போட்டுப் பார்க்கிறேன்"னு தோணினா, நான் தடுக்கலை. ஆனா மேலாள் வேலையை நீங்களே பார்க்கணும். ஆப் பெயரை விட்டுட்டு, பின்னால் இருக்கிற கம்பெனி பெயரை ஆர்.பி.ஐ.யின் பி2பி பட்டியலில் தேடுங்க. அந்தக் கம்பெனி இணையதளத்தில் வராக்கடன் விவரமும், கடன் கொடுத்தவங்க தாங்கின நஷ்டமும் போட்டாகணும்னு விதி இருக்கு. பெரும்பாலும் பக்கத்தோட அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆச்சுன்னா, அந்தக் கம்பெனி வேண்டாம். அதில் நூறுக்கு எத்தனைன்னு பாருங்க; மேலே போட்ட கணக்கில் அந்த எண்ணைப் போடுங்க. வர்ற தவணையைத் திரும்பத் தானா கடன் கொடுக்கிற வசதி இருந்தா, அதை அணைச்சு வைங்க. போட்ட கடன் எல்லாம் ஒரு சுற்று முழுசா முடியட்டும். எத்தனை பேர் கட்டினாங்கன்னு தெரிஞ்சப்புறம் அடுத்தது யோசிங்க. இன்னைக்கும் யாராவது "மாதம் 1% கேரண்டி, எப்ப வேணா எடுக்கலாம்"னு பி2பி பெயரில் வாட்ஸ்ஆப் அனுப்பினா, அது விதிக்கு வெளியே இருக்குன்னு வேற ஆராய்ச்சி இல்லாமலே தெரிஞ்சுக்கலாம்.

பழைய பணம் மாட்டியிருக்கிறவங்களுக்கு: முதல்ல பதற வேண்டாம். பெரும்பாலும் உங்க பணம் தொலைஞ்சு போகலை. கடனாளி தவணை கட்டக் கட்டத்தான் வரும், அதுதான் அதோட இயல்பான வேகம். ஆப்ல கடன் வாரியான பட்டியலையும் ஒப்பந்தங்களையும் இன்னைக்கே டவுன்லோட் பண்ணி வைங்க. ஆப் நாளைக்கு மாறலாம், மூடலாம், ஆனா கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் கடனாளிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு மாதமும் வந்த தொகையை முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதுங்க. பல ஆப்கள் ரெண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக் காட்டும். பிரிச்சு எழுதாம வந்தீங்கன்னா, ஜூலை மாதம் ரிட்டர்ன் போடும்போது நீங்க கொடுத்த முதலுக்கே வரி கட்டிட்டு நிப்பீங்க.